இரண்டாம் பக்கத்தில் பாடியவன்

1

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை நான் கையெழுத்துப் போட்ட படிவங்களில் பாதி எனக்குப் புரியாத மொழியில் இருந்தவை. யாராவது விரலால் இடத்தைக் காட்டுவார்கள், போடுவேன். ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. போன ஆனி மாதம் சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்தது. நல்ல தமிழில், ஒரு பக்கம்தான். ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது. அதில் கையெழுத்துப் போட என்னால் முடியவில்லை.

ஊரில் இருந்து படிக்கிறவர்களுக்கு விஷயத்தை முதலிலிருந்தே சொல்கிறேன்.

தணிகாசலம் அண்ணாச்சியை வட மாவட்டத்துக்காரர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கூத்து பார்க்கிறவர்களுக்கு அவர் குரல் தெரியும். ஆனால் பேர் வருவதற்கு முன்னால் அவர் மூன்று வருடம் இங்கே புனேயில், கட்கியில், ஒரு காண்ட்ராக்டரிடம் மூட்டை சுமந்தார் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. பஜாருக்குப் பின்னால் வரிசையாக ஒற்றை அறை வீடுகள், இங்கே சால் என்பார்கள். அதில் ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். ஆரணிப் பக்கத்துத் தணிகாசலம், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த என் அண்ணன் இசக்கிமுத்து, நான்.

ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்துக் காயப்போட்ட பிறகு தணிகாசலம் பாட ஆரம்பிப்பார். எங்கள் ஊர்ப் பக்கம் அந்தக் கூத்து கிடையாது. அண்ணன் அவர் பாடுவதைக் கேட்டே பிடித்துக்கொண்டான். அவர் அடியை முடிக்கிற இடத்தில் கடைசிச் சொல்லை வாங்கித் திருப்பிப் பாடுவான். பின்பாட்டு என்பார் தணிகாசலம். சில மாதத்தில் முழுப் பாட்டும் அவனுக்கு வந்துவிட்டது. எனக்குப் பாட வராது. என்னிடம் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. அதில் இரண்டு கேசட் பதிவு செய்தேன்.

அந்த இரண்டு கேசட்டைத்தான் நாற்பது வருடம் கழித்துச் சென்னையிலிருந்து கேட்டார்கள். பழைய குரல்களைச் சேர்த்துவைக்கிற ஒரு காப்பகம். யாமினி என்ற பெண் பேசினாள். தணிகாசலத்தின் ஆரம்பகாலப் பதிவுகளை ஒரு தொகுப்பாகக் கொண்டுவருகிறார்களாம். தேடியதில் கிடைத்தவையெல்லாம் அவர் பேர் வாங்கிய பிறகு பதிவானவை.

“புனேல சண்முகம்னு ஒருத்தர் டேப் ரெக்கார்டர் வச்சிருந்தார்னு அய்யாவே சொன்னார் சார். கேசட் இன்னும் இருக்கா?”

இருந்தது. தகரப் பெட்டிக்குள், துணி சுற்றி.

2

என் மகள் நித்யா இதே புனேயில், பாணேரில் இருக்கிறாள். பதினொன்றாவது மாடி. கம்ப்யூட்டர் வேலை. நான் கட்கி வீட்டை விட்டு வரமாட்டேன் என்பதில் அவளுக்கு வருத்தம், அவள் தமிழை விட்டுப் போய்க்கொண்டிருப்பதில் எனக்கு. வீட்டில் தமிழ் பேசுவாள். ஒவ்வொரு மூன்றாவது வார்த்தையும் இந்தியில் இருக்கும். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள்.

கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிறேன் என்று யாரிடமோ ஒரு பிளேயர் வாங்கி வைத்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்துப் போனேன். வெளியே மழை. முதல் கேசட் சரியாக ஓடியது. இரண்டாவதில் நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. சின்ன ஸ்க்ரூ ஐந்தையும் கழற்றி, கூட்டைத் திறந்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினாள். அவள் விரல் நகம் நாடாவில் பட்டபோதெல்லாம் நான் எழுந்து வந்து எட்டிப் பார்த்தேன். “அறுந்துட்டா ஒட்டலாம் அப்பா, டென்ஷன் ஆகாதீங்க” என்றாள்.

நான் பயந்தது அறுந்துபோவதற்கு இல்லை.

அந்தக் கேசட்டின் முதல் பக்கம் ஓடியது. தணிகாசலம் பாடினார். ஏரிக்கரை உடைகிற இரவில் மடைக்காவல்காரன் ஒருவன் ஊர் முழுவதும் மேட்டில் ஏறும்வரை உடைப்பில் நின்ற கதை. அவள் வேலைக்கு நடுவே பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். கேசட்டைத் திருப்பிப் போட்டாள். அதே கதை, வேறு பகுதி. மழையை விலகச் சொல்லி மடைக்காரன் கேட்கிற இடம். சாம்பிள் வேண்டும் என்று யாமினி கேட்டிருந்ததால் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஐந்து நிமிடத்தை வெட்டி அப்போதே மெயிலில் அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

“ரெண்டு பக்கமுமா?”

“ஹா, ரெண்டும்தான். ஏன்?”

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

“அப்பா, இது வேற ஆள்.”

“அவருதான். அன்னைக்கு அவருக்குச் சளி.”

அவள் பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். முதல் பக்கத்தைப் போட்டாள். மறுபடி இரண்டாம் பக்கம்.

“நோ அப்பா. அந்த அங்கிள் மழைய ‘மய’ங்கறார். இவர் ‘மளை’ங்கறார். நம்ம வீட்டு மாதிரி. காலேஜ்ல சென்னைப் பொண்ணுங்க என்னை இதுக்குத்தானே ஓட்டுவாங்க.”

தமிழ் போய்விட்டது என்று நான் நினைத்திருந்தவளின் காது, நாற்பது வருடத்துக்கு முந்தைய ஓர் எழுத்தைப் பிடித்துவிட்டது. இனி மறைக்க வழியில்லை.

“உங்க பெரியப்பா” என்றேன்.

அவள் பிளேயரை நிறுத்தினாள். சுவரில் மாட்டியிருக்கும் ஒரு போட்டோ, என் கல்யாணத்துக்கு முன்னாலேயே இறந்துபோனவர், அவ்வளவுதான் அவளுக்குப் பெரியப்பா. “அவர் பாடுவாரா?” என்றாள். பிறகு, “இத்தனை வருஷம் நீங்க ஏன் சொல்லல?”

நான் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

3

மூன்றாம் நாள் யாமினி கூப்பிட்டாள். இரண்டாம் பக்கத்தைப் பற்றிச் சொல்லாமலே விட்டுவிடலாமா, நானே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அந்த இரண்டு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பேசவிடவில்லை.

“சார், அந்த மழைப் பாட்டு. எங்க ஆபீஸ்ல எல்லாரும் வேலைய விட்டுட்டு வந்து நின்னு கேட்டாங்க. இதுல அய்யா குரலே தனியா இருக்கு. தொகுப்புல முதல் பாட்டா இதைத்தான் வைக்கப்போறோம்.”

“அது வந்தும்மா...”

“அய்யாகிட்டயும் போட்டுக் காட்டிட்டோம். இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்புறம் என் குரல்தான்னுட்டார்.”

போனை வைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தணிகாசலத்துக்கு எழுபது தாண்டிவிட்டது. மறந்திருக்கலாம். இல்லையென்றால், நல்ல பாட்டு என்று தெரிந்ததும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டிருக்கலாம். இரண்டாவதை நினைக்கவே கூச்சமாக இருந்தது. ஆனால் கூச்சத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் பாட்டைக் கேட்கச் சென்னையில் ஆட்கள் எழுந்து வந்து நின்றிருக்கிறார்கள். இசக்கிமுத்து என்ற பேரில் அது போயிருந்தால் ஒருவர்கூட வந்திருக்க மாட்டார். யார் பேரில் இருந்தால் என்ன, போகட்டுமே.

மறுநாள் படிவம் வந்தது. ‘இப்பதிவில் உள்ள குரல் திரு. தணிகாசலம் அவர்களுடையது என்பதை, பதிவு செய்தவர் என்ற முறையில் உறுதியளிக்கிறேன்.’ கீழே கையெழுத்து. நோட்டரி முத்திரை வேண்டும்.

நித்யாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. அதைவிட மோசமாக, மெதுவாகப் பேசினாள்.

“உங்க அண்ணனோட குரல இன்னொருத்தர் பேர்ல எழுதிக் குடுக்கப்போறீங்க.”

“குரல் நிக்கும்லா. பேர் போனாப் போகுது.”

“உங்களுக்கு என்ன ரைட் இருக்கு அப்பா?”

அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த உரிமையை நான் ஏற்கெனவே ஒரு தடவை எடுத்துக்கொண்டவன்.

தணிகாசலம் ஊருக்குத் திரும்பிப் போய்ச் சில மாதம் கழித்து அண்ணனுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் ஷிப்டில் இருந்தான், நான் வாங்கினேன். பிரித்தேன். சொந்தமாக ஒரு குழு கட்டியிருப்பதாகவும், முதலில் அடியை எடுத்துப் பாடுகிற முன்பாட்டுக்கு இசக்கிதான் வேண்டும் என்றும், உடனே கிளம்பி வரச்சொல்லியும் எழுதியிருந்தார். அப்போது தொழிற்சாலையில் நாங்கள் இரண்டு பேரும் தற்காலிகம். நிரந்தரம் செய்கிற பட்டியல் எந்த வாரமும் வரும் என்ற பேச்சு. ஊரிலிருந்து அப்பா வாரம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டிருந்தார், பட்டியல் வந்ததா என்று. அண்ணன் அந்தக் கடிதத்தைப் படித்தால் அன்றைக்கே கிளம்பிவிடுவான். பட்டியல் வரட்டும், பிறகு கொடுக்கலாம் என்று பெட்டியின் அடித்தாளுக்குக் கீழே வைத்தேன்.

பட்டியல் தள்ளிப்போனது. இடையில் அண்ணன் இரண்டு மூன்று தடவை கேட்டான். “தணிகாசலம் ஒரு வார்த்தை எளுதலியேல, மறந்துட்டாரோ?” நான் தட்டைக் கழுவிக்கொண்டே, “வேலையா இருப்பாரு” என்றேன். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கு மஞ்சள் காமாலை. பத்து நாள். அவனுக்கு இருபத்தாறு வயது. பட்டியல் அதற்கும் பிறகு வந்தது. கடிதத்தை அந்த வருடமே எரித்துவிட்டேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

4

சிவாஜிநகர் கோர்ட்டுக்கு வெளியே வரிசையாக நோட்டரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நித்யாவிடம் சொல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போனேன். மேலே தார்ப்பாய், அதில் மழைத் தண்ணீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. வயதான மராத்திக்காரர் ஒருவர் படிவத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யே கௌன்ஸீ பாஷா ஹை, காகா?”

இது என்ன மொழி என்கிறார். தமிழ் என்றேன். தெரியாத மொழியில் முத்திரை போடமாட்டேன், இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார். என் இந்தி நாற்பது வருடம் ஓடியும் ஆண்பால் பெண்பால் தடுமாறுகிற இந்தி. ஒரு பழைய கேசட், அதில் ஒரு பாட்டு, அதிலுள்ள குரல் யாருடையது என்று எழுதிக்கொடுக்கிற காகிதம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டினார். ரிஜிஸ்டரைத் திறந்து, என் ஆதார் நம்பரை எழுதிக்கொண்டு, முத்திரையை மையில் ஒற்றினார். கை மேலே நின்றபடி ஒரு கேள்வி கேட்டார். ரிஜிஸ்டரில் எழுதுவதற்காகத்தான் கேட்டார்.

“தோ ஆவாஜ் கிஸ்கீ ஹை?”

அப்படியானால் குரல் யாருடையது?

தமிழில் எழுதியிருந்ததைக் கண்ணால் பார்த்து ஒரு கோட்டின் மேல் பேனாவை ஓட்டுவதற்கு என்னைத் தயார் செய்து வைத்திருந்தேன். இந்தியில் ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்பார் என்று நினைக்கவில்லை. யோசித்து யோசித்துப் பேசுகிற மொழியில் பொய்யை எப்படிக் கட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த சின்ன வார்த்தைதான் வந்தது.

“மேரா பாயீ கா” என்றேன். என் அண்ணனுடையது என்று. அண்ணனோ தம்பியோ, இந்தியில் அதுதான் சொல்.

அவர் ‘பாயீ’ என்று எழுதிக்கொண்டு, பேரைக் கேட்டார்.

“இசக்கிமுத்து.”

அவருக்கு அது எழுத வரவில்லை. இரண்டு தடவை திருப்பிக் கேட்டார். இரண்டு தடவையும் சொன்னேன். அந்தப் பெயரை நான் சத்தமாகச் சொல்லி எத்தனை வருடம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. முத்திரை இறங்குவதற்கு முன்னால் காகிதத்தின் மேல் கையை வைத்தேன். தப்பாக எழுதியிருக்கிறது, மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். காகிதத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் நடந்தேன். ரிக்ஷாவைக் கூப்பிடக்கூடத் தோன்றவில்லை.

5

யாமினியிடம் தணிகாசலத்தின் நம்பர் வாங்கினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டேன். எடுத்தவுடன் தெரிந்துகொண்டார்.

“இன்னா சண்முகம். இத்தினி வருசம் கயிச்சி ஞாபகம் வந்திச்சா?”

“அண்ணாச்சி, அந்த ரெண்டாம் பக்கத்துப் பாட்டு...”

“கேட்டேன். அந்தப் பொண்ணு போட்டுக் காட்டிச்சி.”

“உங்க குரல்னு சொன்னீங்களாம்.”

“சொன்னேன்.”

“அது எங்க அண்ணன்லா.”

“எனுக்குத் தெரியாதா?” என்றார். “அன்னிக்கி தொண்ட கட்டிக்கினு நான் மூலையில படுத்துக்கினு இருந்தேன். அவன்தானே பாடினான். மொத அடியிலயே தெரிஞ்சிபோச்சி.”

“பெறவு ஏன் அப்படிச் சொன்னீய?”

“இசக்கின்னு சொன்னா யாரு இசக்கின்னு கேப்பாங்க. அப்பால எட்த்து ஓரமா வச்சிடுவாங்க. என் பேர்ல போனா நாலு ஊரு கேக்கும். கேக்கட்டுமே. என் பேருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது.”

இத்தனை நாளாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். அவரைத் திருடன் என்று ஒரு கணமாவது நினைத்தேனே என்று இருந்தது. நோட்டரியிடம் வாய் தவறி அண்ணன் பேரைச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“அதுக்கு இன்னா, வேற நோட்டரிகிட்ட போ.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே போனை வைத்திருக்கலாம். ஆனால் அவ்வளவு பெரிய மனது உள்ள ஆளிடம் அதை மறைத்துக்கொண்டு பேச என்னால் முடியவில்லை.

“அண்ணாச்சி, ஊருக்குப் போன பெறவு அவனுக்கு ஒரு லெட்டர் போட்டீய.”

சிரிப்பு நின்றது. “ஆமா. போட்டேன். பதிலே இல்ல.”

“அத நான்தான் வாங்கினேன். அவன்கிட்ட குடுக்கல. வேலை நிரந்தரமாவட்டும்னு வச்சிருந்தேன். அவன் சாவுற வரைக்கும் நீங்க மறந்துட்டீயன்னுதான் நெனச்சான்.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது கேட்டது. ஒரு பெண் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அவர் மூச்சு விடுவதும் கேட்டது.

“எனுக்கு எய்தத் தெரியாது சண்முகம்” என்றார். “வாத்தியார் ஊட்டு வாசல்ல ரெண்டு நாளு நின்னு எய்தி வாங்கின லெட்டரு அது. அவன் வருவான்னு எடத்த வச்சிக்கினு எத்தினி நாளு இருந்தேன் தெரியுமா? வரல. பெரிய உத்தியோகம், கூத்தாடி கூட எதுக்கு வரணும்னு இருக்கான்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் அப்டித்தான் சொன்னேன். செத்துட்டான்னு ஆளு வந்து சொன்னப்ப, போனா போறான்னு ஒரு வார்த்த சொன்னேன்.” நிறுத்தினார். “சொன்னனே நானு.”

போன் வைக்கப்பட்டது. திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அன்றும் மறுநாளும் எடுக்கவில்லை.

6

நித்யாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கடிதத்தையும் சேர்த்து. அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. “நீங்க அதைக் குடுத்திருக்கணும் அப்பா” என்றாள். அவ்வளவுதான். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து, நான் சொல்லச் சொல்ல யாமினிக்கு மெயில் எழுதினாள். இரண்டாம் பக்கத்தில் பாடியவர் இசக்கிமுத்து, தணிகாசலத்தின் அறைத்தோழர், அவரிடம் கேட்டுக் கற்றவர். பெரியப்பா பெயரைத் தமிழில் டைப் செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தாள்.

மூன்று வாரம் பதில் இல்லை. வந்தபோது மரியாதையாக வந்தது. தொகுப்பு ஒரே பாடகருடையது என்பதால் இரண்டாம் பக்கத்தைச் சேர்க்க முடியாது. காப்பகத்தில் இசக்கிமுத்து என்ற பெயரிலேயே, ஓர் எண் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கேட்க விரும்புகிறவர்கள் நேரில் வந்து கேட்கலாம். யாமினி தனியாக ஒரு வரி எழுதியிருந்தாள், தான் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதாக.

தணிகாசலம் சொன்னபடியேதான் நடந்தது. எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அண்ணனிடம் கேட்க முடிந்தால் பேரைக் கேட்டிருப்பானா, நாலு ஊர் கேட்பதைக் கேட்டிருப்பானா? அவன் கடிதத்தைத்தான் கேட்டிருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாணேர் வீட்டில் இருந்தபோது என் போன் அடித்தது. தணிகாசலம்.

“சேக்கலியாமே. அந்தப் பொண்ணு சொல்லிச்சி.”

“ஆமா அண்ணாச்சி.”

“உன் மேல எனுக்குக் கோவம் போவல சண்முகம். அது போவாது போல கீது.”

“சரி அண்ணாச்சி.”

“எனுக்கு அந்தப் பொண்ணு அஞ்சி நிமிசம்தான் போட்டுச்சி. முயுசா கேக்கணும். போடு.”

நித்யா என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரின் பக்கத்தில் வைத்தாள். பாட்டைப் போட்டாள். அண்ணன் ஆரம்பித்தான்.

“மளையே மளையே விலகிக்கோ
மடையில நானும் நிக்குதேன்
கரையே கரையே பொறுத்துக்கோ
கடைசி வீடும் ஏறட்டும்”

அந்த அடி முடிந்ததும் பதிவில் ஒரு சின்ன இடைவெளி வரும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், மூச்சு வாங்குகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். போனிலிருந்து குரல் வந்தபோதுதான் புரிந்தது. அது பின்பாட்டுக்காரனுக்கு விட்ட இடம். அன்றைக்கு அதைப் பாட ஆள் இல்லை, தணிகாசலம் தொண்டை கட்டி மூலையில் படுத்திருந்தார். ஆனாலும் அண்ணன் இடத்தை விட்டுவிட்டே பாடியிருக்கிறான்.

“ஏறட்டும்... கடைசி வீடும் ஏறட்டும்...”

எழுபது வயதுக் குரல், கம்மிப்போய், சுருதியைத் தேடிக்கொண்டு வந்தது. அண்ணன் அடுத்த அடியை எடுத்தான். அவர் வாங்கினார். அடுத்த அடி. அவர் வாங்கினார். நித்யா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஓர் இடத்தில் அவர் கொஞ்சம் முன்னால் எடுத்துவிட்டார், இரண்டு குரலும் இடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு அவர் கடைசிவரை பிசகவில்லை.

பாட்டு முடிந்து நாடாவின் இரைச்சல் மட்டும் ஓடியது. நித்யா நிறுத்தப் போனாள்.

“பொண்ணே,” என்றார் தணிகாசலம் போனில், “நடுவுல நான் அவசரப்பட்டுட்டேன். அவன் கோச்சிக்குவான். மொதல்லேர்ந்து போடு.”